முழுகுகிற ஐயாவு

தீயணைப்பு நிலையத்தில் ஐயாவுக்குத் தீயை அணைக்கிற வேலை. ஆனால் திருவையாற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் கேட்டால், "யாரு, அந்த முழுகுறவரா?" என்பார்கள். மேட்டூர்த் தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர்ந்ததும் நிலையத்து வண்டி ஊர் ஊராகப் போய்ப் பாதுகாப்பு ஒத்திகை காட்டும். அதில் ஆற்றில் விழுந்து தத்தளிக்கிற ஆள் எப்போதும் ஐயாவுதான். கனத்த உடம்பு, நன்றாக மிதப்பார். அவர் கையை உதறிக் கத்துவதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

முதலில் குடம். வாயை இறுக அடைத்த காலி பிளாஸ்டிக் குடத்தில் நீளக் கயிற்றைக் கட்டி, தத்தளிக்கிறவருக்கு அந்தப் பக்கம் விழும்படி எறிவார்கள். அவர் பிடித்துக்கொண்டதும் கரையிலிருந்தே இழுப்பார்கள். "கயிறு இல்லேன்னா வேட்டி, சேலை, எது கிடைச்சாலும் வீசுங்க. நீச்சல் தெரியும்னு யாரும் குதிச்சிடாதீங்க. பயந்தவன் உங்க கழுத்தைத்தான் கட்டிப்பான்" என்று மைக்கில் சொல்வார்கள். இவ்வளவும் சொன்ன கையோடு இளவழகன் என்ற இளம் வீரர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி, தலைகீழாகக் குதித்து, ஐயாவுவின் முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வருவார். விசில், கைதட்டல், செல்போன் எல்லாம் அதற்குத்தான். குடம் எறியும்போது நம் ஜனங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

தண்ணீரில் கிடந்தபடி கரையைப் பார்க்கிறவர் ஐயாவு ஒருவர்தான். வருஷா வருஷம் இதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் நிலைய அலுவலரிடம் சொன்னார்.

"சார், குதிக்கிறதை எடுத்துடலாம். சனங்க அதை மட்டும்தான் பாக்குது."

"அதையும் எடுத்துட்டா எவன்யா வந்து நிப்பான்? கூட்டம் இருந்தாத்தானே குடத்தைப் பத்திச் சொல்ல முடியும்?"

அலுவலர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஐயாவு மறுபடியும் முழுகப் போனார்.

போன வருஷம் வெட்டாற்றங்கரையில் கரம்பைக்குடிக்குப் போனபோது அவராக ஒன்று செய்தார். கூட்டத்தில் நின்ற மலர்க்கொடி என்ற நடவு வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, குடத்தை அவள் கையில் கொடுக்கச் சொன்னார். முதல் தடவை குடம் அவள் காலடியிலேயே விழுந்தது. பாலத்தின் மேல் நின்றிருந்த அவள் புருஷன் செல்லதுரை, "சோத்துல உப்பு போடவே குறி தப்புற ஆளு" என்று கத்த, ஊரே சிரித்தது. அவள் விடவில்லை. குடம் ஐயாவுக்கு அந்தப் பக்கம் போய் விழும்வரை எறிந்தாள். அன்று ஐயாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். குடத்தையும் கயிற்றையும் படித்துறைப் பூவரச மரத்தில் மாட்டிவிட்டு, "இது இங்கயே இருக்கட்டும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தார்.

ஆடிப்பெருக்கு வந்தது. படித்துறையில் பந்தல் போட்டார்கள். கட்டுக்கயிறு பற்றவில்லை, மரத்தில் நல்ல கயிறு இருந்தது. நீர்மோர் கரைக்கக் குடம் ஒன்று குறைந்தது, அதுவும் மரத்தில் இருந்தது. யாரும் திருடவில்லை. சாமி காரியத்துக்குத்தான் எடுத்தார்கள்.

காதோலை கருகமணியை ஆற்றில் விடப்போன, மலர்க்கொடியின் பக்கத்து வீட்டுப் பெண் இசைவாணி படியில் வழுக்கித் தண்ணீரோடு போனாள். மலர்க்கொடி மரத்தடிக்கு ஓடினாள். மரம் வெறுமனே நின்றது. அதற்குள் செல்லதுரை பாலத்துச் சுவரில் ஏறி, இளவழகன் குதித்த மாதிரியே தலைகீழாகக் குதித்துவிட்டான். ஆற்றிலேயே வளர்ந்தவன், நீச்சலில் குறையில்லை. ஆனால் அந்தப் பெண் பயத்தில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அவள் மட்டும் விலகி மேலே வந்தாள். மலர்க்கொடி அத்தனை பேர் நடுவில், உடுத்தியிருந்த புதுச் சேலையை அவிழ்த்து வீசினாள். குறி தப்பவில்லை. இசைவாணி கரை சேர்ந்தாள். செல்லதுரையை வெள்ளம் மதகுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மதகுக்கு அடியிலிருந்து உடலை எடுத்து வந்தவர் ஐயாவுதான். கரையில் உட்கார்ந்திருந்த மலர்க்கொடி அழவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க சொன்ன மாதிரிதாங்க நான் செஞ்சேன். அவரு, நீங்க காட்டுன மாதிரி செஞ்சாரு."

ஐயாவு ஈர உடுப்போடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தன்னைக் காப்பாற்றுவதாகக் காட்டிக் காட்டியே ஒருவனைக் கொன்றுவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. இன்றுவரை அவருக்கு அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. மனுஷன் பாதியாக இளைத்துப்போனார்.

இந்த வருஷம் அலுவலரே இறங்கி வந்தார். குதிப்பதை எடுத்துவிட்டார்கள். முதல் ஒத்திகையே கரம்பைக்குடியில். குடத்தை எறிய மலர்க்கொடியே முன்வந்தாள். குடம் சரியான இடத்தில் விழுந்தது. ஐயாவு பிடித்துக்கொண்டார்.

"அவ்ளோதானா?" என்றது கூட்டம். "குதிக்கிறது இல்லையா?"

செத்தவனின் பெண்டாட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இவர்களுக்கு வேடிக்கை குறைந்துவிட்டது. எனக்கு அந்த ஊரின்மேல் வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை.

"அவங்க குதிக்கலேன்னா என்ன, நாம குதிப்போம்" என்று பாலத்தில் நின்ற பையன்கள் சட்டையைக் கழற்றினார்கள். அலுவலர் மைக்கில் கத்தினார். ஒருவன்பின் ஒருவனாகச் சுவரில் ஏறித் தலைகீழாகக் குதித்தார்கள். ஊரே விசிலடித்தது, கைதட்டியது.

மலர்க்கொடி கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டாள். ஐயாவு குடத்தைக் கட்டிக்கொண்டு நடு ஆற்றில் கிடந்தார். "வேணாம்டா, குதிக்காதீங்கடா" என்று தொண்டை கிழியக் கத்தினார். எப்போதும் போலத்தான் கத்துகிறார் என்று கரையில் இருந்த பிள்ளைகள் சிரித்தன.