பேரின்பநாதனின் எண்பத்தெட்டு

கனடாவில், செயின்ட்-மிஷேலில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நான்கு ஆண்கள் கூடிக் குடியிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் பேரின்பநாதன். வயது முப்பத்தாறு, டவுன்டவுன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிற வேலை. அகதி வழக்கு வென்ற பிறகு மனுசனுக்கு இருந்த ஒரே குறை கல்யாணம்தான். உண்மையைச் சொன்னால், ஆள் தனிமையில் வாடிப்போயிருந்தார். ஆனால் அதை ஒப்புக்கொள்வாரா? பெண் பார்ப்பதில் மட்டும் மகாராசாதான்.

1988இல், குடிவரவுக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில், தாதி இவரைத் தராசில் ஏற்றிவிட்டு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் வகுத்து, வந்ததை அதே உயரத்தால் இன்னொருமுறை வகுக்க வேண்டும். இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் வந்தால் நல்ல உடம்பு. இவருக்கு முப்பத்தொன்று வந்தது. தாதி இவருடைய வயிற்றைக் காட்டிப் பிரெஞ்சில் நீளமாக என்னவோ சொன்னாள். பேரின்பநாதன் நன்றிக்கு ஒரு "மெர்சி" சொல்லிவிட்டுக் கணக்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். புத்திமதியை அங்கேயே விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து தரகர் அருமைநாதனுக்குத் தலையிடி. சாதகம் கொண்டுவந்தால் இவர் நிறையும் உயரமும் கேட்டார். ஊரிலிருந்து நிறை இறாத்தலில் வரும். அதை இரண்டு தசம் இரண்டால் வகுத்துக் கிலோவாக்குவார், அடியை மீற்றராக்குவார், பிறகு தீர்ப்புச் சொல்வார். இப்படியே சாதகம் பொருந்திய இரண்டு பெண்களைக் கழித்துக் கட்டினார். ஒருத்தி இருபத்தாறாம், மற்றவள் பத்தொன்பதாம்.

"அண்ணை, நீங்கள் பொம்பிளை பாக்கிறியளோ, கிடாய் வாங்கிறியளோ?" என்று கேட்டான் கூட இருந்த கிருபானந்தன்.

"இது விஞ்ஞானம். உனக்கு விளங்காது" என்றார்.

மூன்றாவதாக வந்தவள் செல்வமலர். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பில் மாமன் வீட்டில் இருந்தாள். இவர் நெஞ்சுக்கு மேலே மட்டும் எடுத்த படம் ஒன்றை அனுப்பிவிட்டு, ஒரு ஞாயிறு காலை தொலைபேசி எடுத்தார். அவள் கலகலவென்று கதைத்தாள். அந்தக் குரல் இவருக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. ஒரு பெண் தன்னோடு இப்படிச் சிரித்துக் கதைத்து எத்தனை வருசம் என்று மனம் இளகியது. ஆனாலும் விஞ்ஞானத்தை விட முடியுமா?

அவள் ஐந்தடி ஓரங்குலம், நூற்றிருபத்தாறு இறாத்தல். இவர் கணக்கை அவளுக்கு விளங்கப்படுத்தி, கையோடு விடையையும் சொன்னார்.

"இருபத்துநாலு வருது. பிழையில்லை. ஆனா எனக்கு இருபத்திரண்டுதான் விருப்பம். ஒரு பத்து இறாத்தல் குறைச்சியள் எண்டால் சரி."

"பாப்பம். உங்கட நிறை என்ன?" என்று கேட்டாள் செல்வமலர்.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. நூற்றுத்தொண்ணூற்றுநாலு இறாத்தல் என்று சொல்ல வாய் வரவில்லை. கிலோவில் சொன்னால் எண் சின்னதாய்த் தெரியும். கிலோ என்றும் சொல்லாமல் விட்டால் இன்னும் நல்லது.

"எண்பத்தெட்டு" என்றார் பேரின்பநாதன். உயரம் ஐந்தடி ஆறங்குலம் என்பதை மட்டும் ஒளிக்காமல் சொன்னார்.

அடுத்த ஞாயிறு இவர் எடுத்தபோது மாமன்தான் தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, குறை நினைக்கக்கூடாது. எண்பத்தெட்டு இறாத்தல் எண்டால் அது பள்ளிக்கூடப் பொடியன்ர நிறை. நெஞ்சில ஏதும் வருத்தமோ, சயரோகமோ? வருத்தக்காரனுக்குப் பிள்ளையைக் குடுக்கேலாது எண்டு வீட்டில சொல்லினம்."

"ஐயோ, கிலோ, மாமா. நான் சொன்னது கிலோ. நான் நல்ல உடம்பு."

மாமன் தொலைபேசியைச் செல்வமலரிடம் கொடுத்தார்.

"நீங்கள் சொல்லித்தந்த கணக்கை இப்ப போட்டுப் பாத்தன். உங்களுக்கு முப்பத்தொண்டு வருது" என்றாள். "நான் பத்து இறாத்தல் குறைக்கவேணுமெண்டால் அதே இருபத்திரண்டுக்கு வர நீங்கள் ஐம்பத்தெட்டு குறைக்கவேணும்."

"கனடாவில எல்லாம் கிலோதான். உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்" என்று சமாளித்தார்.

"என்னைப் பத்து இறாத்தல் குறைக்கச் சொன்ன நேரம் கனடா எங்க போனது?"

இவளை விடக்கூடாது என்று அந்த நேரத்தில்தான் உறைத்தது. "சரி, குறைக்கிறன். இண்டைக்கே தொடங்கிறன்" என்றார். கெஞ்சுகிற குரல்தான்.

"நிறை கிடக்கட்டும். உங்களைக் கட்டினால் நீங்கள் சொல்லுற ஒவ்வொண்டையும் இரண்டு தசம் இரண்டால பெருக்கிப் பாத்துக்கொண்டெல்லோ நான் சீவிக்கவேணும். எனக்கு ஏலாது. வைக்கிறன்."

பேரின்பநாதன் தொலைபேசியை வைத்தார். குசினியில் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கிருபானந்தன் தலையை நிமிர்த்தாமல், "என்னவாம் அண்ணை?" என்று கேட்டான்.

"சரிவராது" என்றார். "பொம்பிளை நிறை கூட."