யாரையாவது திட்டுங்க

“மேடம், உங்கள் குரல் மாறியிருக்கிறது” என்று அன்று நான் சொல்லவில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தில்லி மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தபோது, டாக்டர் காந்திமதி காலமான செய்தி எங்கள் துறையின் வாட்ஸப் குழுவில் வந்தது. இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியம்தான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் சுரப்பிகளின் அறுவை மருத்துவர். தைராய்டு புற்றுநோயை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்தவர். எனக்கு, குரல்களைக் கேட்கும் வேலையைக் கொடுத்தவர். தைராய்டுக்குப் பின்னால் நூல்போல ஒரு நரம்பு ஓடுகிறது. அது சேதமானால் குரல் கெடும். அதனால் ஒவ்வொரு நோயாளியின் குரலையும் அறுவைக்கு முன்பும் பின்பும் பதிந்து ஒப்பிடுவோம். பதிவது என் பொறுப்பு.

முதலில் நோயாளிகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். டாக்டர் அந்தத் தாளை வாங்கி மேசைக்குள் போட்டுவிட்டார். மோதி பாக் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஆனாலும் வீட்டில் பேசிய திருநெல்வேலித் தமிழ் அவரை விடவில்லை. அன்று எதிரே இருந்த நோயாளி செல்வி, வீட்டு வேலை செய்பவர், விழுப்புரத்துக்காரர்.

“இன்னா பேசறது டாக்டரம்மா?”

“வீட்டுல யாரைத் திட்டுவிய? அவியளத் திட்டுங்க.”

செல்வி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, “யோவ், ஆதார் கார்ட எங்கய்யா வச்சித் தொலைச்ச?” என்றார். அறுவை முடிந்த மூன்றாம் நாளும் அதே கேள்வி, அதே காரம். கண்ணை மூடிக் கேட்ட டாக்டர் சொன்னார்: “அச்சா! புருஷனுக்கு விடுதலை கெடையாது.”

எல்லாக் குரலும் அப்படித் திரும்பவில்லை. ஒரு பெண்ணுக்குக் கட்டி நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டரே நரம்பை வெட்டவேண்டி வந்தது. தெரிந்தே வெட்டியதுதானே, ஆய்வுக் கட்டுரையில் அதைச் சேர்க்காமல் விடலாம் என்றார் உடனிருந்த இளம் மருத்துவர். “அவ பேச்சு ஏற்கெனவே போயிட்டு. கட்டுரையிலயும் அவ வாயை அடைக்கணுமாக்கும்?” என்றார் டாக்டர். அந்தப் பெண் கட்டுரையில் இருக்கிறாள்.

சென்ற நவம்பரில் தில்லியே இருமிக்கொண்டிருந்தது. வாராந்தரக் கூட்டத்தில் டாக்டர் பேசியபோது, வாக்கியத்தின் கடைசியில் காற்று கசிந்தது. புகைமூட்டத்தால் கம்மும் தொண்டை அப்படி ஒலிக்காது. அது எனக்குத் தெரியும். எனக்குச் சம்பளம் தருவதே அதைத் தெரிந்துகொள்வதற்குத்தான். “அவியவிய குரல் அவியளுக்குக் கேக்காது. வெளிய இருக்கவியதான் சொல்லணும்” என்று அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவருக்கே சொல்ல நான் யார் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தேன். அதற்கடுத்த வாரங்களிலும்.

ஜனவரியில் ஒருநாள் பதிவு அறைக்கு வந்து, நோயாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்தார். “போடு” என்றார். பதிவுக் கருவியை ஓடவிட்டேன்.

“ஏட்டி, காதைத் தொறந்து வச்சிக்கிட்டு வாய ஏம்ட்டி மூடி வச்சிருந்த? நான் பேசுனா நீ தலையக் குனியுத. அதுலதான்ட்டி எனக்கே தெரிஞ்சிது.”

அவருடைய இடது நுரையீரலின் மேற்பகுதியில் இருந்த கட்டி, நெஞ்சுக்குள் இறங்கித் தொண்டைக்கு ஏறும் அந்த நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அறுவை செய்யும் கட்டம் தாண்டியிருந்தது.

அவர் படுக்கையில் இருந்தபோது, முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று கேட்டேன். ஆறுதலுக்காகவாவது இல்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். “தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னே எழுதணும்” என்றார், கிசுகிசுப்பாக.

அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது. திரும்பக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் திட்டைத்தான்.

தகனம் முடிந்த மறுநாள், எங்கள் கட்டிடத்தின் காவலாளி கரகரத்த குரலில் வணக்கம் சொன்னார். நின்று, குரல் மாறியிருக்கிறது, தொண்டையைக் காட்டுங்கள் என்றேன். “அரே மேடம், ஜுகாம் ஹை” என்று சிரித்தார். விடாமல் எங்கள் துறைக்கு அழைத்துப் போனேன். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.

சளிதான்.