திருப்பூருக்குக் கொண்டுபோன மூளைப் படம்

சென்னையிலிருந்து கிளம்பிய ரயில் ஈரோட்டைத் தாண்டியதுமே எழுந்து நின்றுவிட்டேன். திருப்பூருக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் இருந்தது. என் மடிக்கணினியில் எஸ்தரின் மூளைப் படம் இருந்தது. இருக்கையில் உட்கார முடியவில்லை.

எஸ்தர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடிவந்து, திருப்பூர் பனியன் கம்பெனியொன்றில் தைப்பவர். அடிக்கடி வலிப்பு வரும். மருந்துக்கு அடங்கவில்லை, எடுத்த ஸ்கேன்களிலும் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய திருப்பூர் டாக்டர் சென்னையிலுள்ள எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தார். மருத்துவமனை ஸ்கேனர்களின் காந்த வலு பெரும்பாலும் ஒன்றரை டெஸ்லா, மிஞ்சினால் மூன்று. மூளை ஆய்வுக்காக நாங்கள் இயக்குவது ஏழு. காந்தம் வலுவானால் படம் நுணுக்கமாகும். போன மாதம் அந்த ஸ்கேனருக்குள் போய் வந்த எஸ்தர், "ராட்டினத்துல சுத்துன மாதிரி இருந்துச்சு மேடம்" என்று சிரித்தார்.

காலை பதினொரு மணிக்கு இறங்கினேன். ஆட்டோவுக்கு நூறு ரூபாய். காதர்பேட்டையில் பனியன் மூட்டைகளுக்கு நடுவே வண்டி ஊர்ந்தது.

"ஏனுங்க, பனியன் எடுக்க வந்தீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லீங்க. ஒருத்தரோட மூளைப் படத்தை அவங்களுக்கே காட்ட வந்திருக்கேன்."

அவர் திரும்பியே பார்த்துவிட்டார். "நல்ல சேதிங்களா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"அப்ப வெரசாப் போயிறலாமுங்க" என்று ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பினார்.

டாக்டரின் அறையில் எஸ்தர் காத்திருந்தார். பழைய படத்தையும் எங்கள் படத்தையும் அருகருகே திறந்தேன். பழையதில் எல்லாம் சரியாகவே இருந்தது. எங்களுடையதில், ஒரு மடிப்பின் அடியில், சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் பிரியும் கோடு ஓரிடத்தில் மட்டும் கலங்கியிருந்தது. பிறக்கும்போதே சரியாக அமையாத ஒரு துளி இடம். வலிப்பு அங்கிருந்து கிளம்புவதாகத்தான் இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

எஸ்தர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப நான் நடிக்கலைல்லா மேடம்?"

எனக்குப் புரியவில்லை.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னதும், லீவுக்காவ டிராமா போடுதேன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரே ஒருநா நடிக்கியான்னு கேட்டுட்டாவ."

"நடிக்கலை எஸ்தர். இதோ, இங்க இருக்கு."

திரையில் அந்த இடத்தைத் தொட்டார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். இன்னும் சில சோதனைகள் வேண்டும், அறுவை சிகிச்சை செய்தாலும் முழுக்கக் குணமாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் எச்சரித்தார்.

"பரவால்ல சார். எடம் தெரிஞ்சிட்டுல்லா? சோதனைக்கு வாரேன்."

மாலை ரயிலில் திரும்பினேன். சென்னை ஆய்வகத்தில் படம் தெளிவாக வந்தாலே கைதட்டுவோம். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். தனக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்து ஒருவர் மகிழ்ந்ததைத் திருப்பூரில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.