என் ஓரகத்தியின் கிருமி

சரவெடி பின்னும்போது என் ஓரகத்தியின் விரல்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவள் என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுக்கு மூத்த மருமகள் நான்தான். பட்டாசுக் கம்பெனிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் என் பக்கத்தில் உட்கார வைத்ததும் நான்தான். அடுத்த சீசனுக்குள் போர்மேன், "சின்னவ பின்னுன சரத்தை மேல வைங்க, யாவாரி பாக்கட்டும்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். என்னுடையது பெட்டிக்கு அடியில் போகும். வெடித்தால் எல்லாம் ஒரே சத்தம்தானே என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கல்லவா தெரியும்.

வீட்டிலும் அப்படித்தான். மாமியார் கடைசியாகக் கிடந்தபோது நானும் டம்ளரோடுதான் நின்றேன். அவள் கையிலிருந்த தண்ணீருக்குத்தான் கிழவி வாயைத் திறந்தாள். நான் கொண்டுபோன தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன்.

சீசன் நேரத்தில் எங்களுக்கு லீவு கிடையாது. காய்ச்சலோ கட்டியோ வந்தால், மருந்துக்கடையில் ரெண்டு வேளைக்கு மாத்திரை வாங்கிப் போடுவோம். காந்தல் அடங்கியதும் மிச்சத்தை முந்தானையில் முடிந்து வைப்போம். பக்கத்தில் வேறொருத்திக்குக் கட்டி வந்தால் அதை எடுத்துக் கொடுப்போம். கொடுக்காதவளைக் கஞ்சப் பிசினாறி என்போம். ஓரகத்தியின் முழங்காலில் தகரக் கதவு கீறினபோதும் அவளுக்கு நாலைந்து முந்தானைகளிலிருந்து மாத்திரை வந்தது. எனக்குக் கட்டி வந்தபோது இத்தனை பேர் முடிச்சை அவிழ்க்கவில்லை என்று அன்றைக்கும் நினைத்தேன்.

கீறல் சீழ் கட்டிக் கால் வீங்கியது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். துணைக்கு நான் இருந்தேன். சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர் பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டு எடுத்துக்கொண்டு போனார். ரெண்டு நாள் கழித்து வந்து, ஸ்டாஃப் என்று என்னமோ பேர் சொன்னார். நிறையப் பேர் மூக்கிலேயே சும்மா இருக்கிற கிருமியாம். ஆனால் இவளுக்கு வந்தது எந்த மாத்திரைக்கும் மசியாத சாதியாம்.

"மாத்திரையைப் பாதியில நிறுத்தினா தப்பிச்ச கிருமியெல்லாம் மருந்துக்குப் பழகிடுதும்மா. அதான் இப்ப வேற வழி தேடுறோம். கிருமியைக் கொல்லாம, அது கக்குற விஷத்தை மட்டும் கட்டிப்போடணும். விஷம் இல்லேன்னா நம்ம ரத்தமே அதைப் பாத்துக்கிடும். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு" என்றார்.

ஓரகத்தி காய்ச்சலோடு தலையைத் தூக்கினாள். "ஆளை விட்டுட்டு விஷத்தை மட்டும் கட்டுற மருந்தா? வந்ததும் மொதல்ல எங்க அக்காவுக்கு நாக்குல தடவுங்க டாக்டரம்மா."

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சாகக் கிடக்கிறபோதும் நாலு பேரைத் தன் பக்கம் இழுக்க அவளால் முடிகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேசாமக் கெடடி" என்றேன்.

அந்தக் கிருமியை வைத்து ஆராய்ச்சி செய்யலாமா என்று டாக்டரம்மா அவளிடம் கேட்டார். "அதுக்கு என் பேரை வைப்பீகளா?" என்றாள் அவள். பேர் வைக்க மாட்டோம், நம்பர்தான் என்றார். "சரி, நல்ல நம்பராப் பாத்துப் போடுங்க" என்றாள்.

விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. கட்டிப்போட அந்த மருந்து இன்னும் வந்திருக்கவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். அதையாவது மற்றவர்கள் பார்த்திருக்கலாம். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் டீ வாங்கப் போயிருந்தான்.

போன மாதம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஓரகத்தியின் கிருமியை இன்னும் உறைய வைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பினார்களாம். அதன் விஷத்தை அடக்க முடிந்தால் எத்தனையோ பேர் பிழைப்பார்களாம். சொல்லும்போது அவர் முகமெல்லாம் பூரிப்பு. செத்தும் ஊர் ஊராகப் போகிறாள் பார் என்று நினைத்தேன்.

"என் மூக்குலயும் எடுத்துப் பாருங்க" என்றேன்.

"உங்களுக்கு ஒண்ணும் செய்யலையேம்மா?"

"நானும் அவளும் ஒரே வீட்டுலதான் கெடந்தோம். பாருங்க."

என் பிடிவாதத்துக்காக எடுத்தார். மறு வாரம் போனேன். எனக்கும் அந்தக் கிருமி இருந்தது. ஆனால் சாதாரண வகையாம். சின்ன மாத்திரைக்கே போய்விடுமாம்.

"அதையும் வச்சுக்கிடுவீகளா?"

"இது எதுக்கும்மா எங்களுக்கு? நல்லாருக்கீங்க, சந்தோசமா வீட்டுக்குப் போங்க."

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள், "ஆஸ்பத்திரியில என்ன சொன்னாக?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லையாம்" என்றேன். மல்லாங்கிணறு தாண்டும் வரைக்கும் அவள் பக்கம் திரும்பவில்லை.