மாப்பிள்ளைக்கு ஊற்றிய சாஸ்

என் அத்தை, அதாவது நைனாவின் தங்கை, திருப்பதியில் ஓர் ஓட்டலில் ரிசப்ஷன் வேலை பார்த்தாள். வாராவாரம் எங்கள் ஊரான நகரிக்கு வரும்போது லட்டு கொண்டுவருவாள் என்று தெருவே எதிர்பார்க்கும். அவளோ ஒரு பாட்டில் சிவப்பு சாஸ் கொண்டுவருவாள். அந்த ஓட்டல் சமையல்காரர் கையாலேயே செய்தது. மாம்பழக் கூழும் வெல்லமும் மிளகாயும் சேர்ந்தது.

அதை நாக்கில் வைத்தால் முதலில் வெறும் தித்திப்புதான். இவ்வளவுதானா என்று நினைத்து விழுங்கிய பிறகு, காதுக்குப் பின்னாலிருந்து காரம் கிளம்பி வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுபடியும் விரலை நீட்டுவேன். நைனாவுக்கு அது பிடிக்காது. "இனிப்புன்னா இனிப்பா இருக்கணும், காரம்னா காரமா இருக்கணும். இது ஆளை ஏமாத்தற வேலை" என்பார். ஆனால் எங்கள் வீட்டுத் தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே அவர் முறுக்கை அதில் தோய்த்துத் தின்பதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது புத்தூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். சொந்தமாக வீடு, இரண்டு லாரி. கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அத்தை, "கொஞ்ச நாள் போவட்டும் அண்ணா" என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்தாள். நைனா காதில் வாங்கவில்லை. அன்றே தேதி குறித்துவிடுவது என்று முடிவாகியிருந்தது.

அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை பட்டுப்புடவையோடு அடுப்படி மூலையில் நின்று, ஒரு கிண்ணம் சாஸில் மூன்று கரண்டி மிளகாய்த்தூளைப் போட்டுக் கலக்கினாள். அளவு தெரியாமல் போடுகிறாளே என்று நினைத்தேன். பெரியவர்களிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது.

"பாப்பா, இதை மாப்பிள்ளைக்கு மட்டும் ஊத்து. நெறைய ஊத்து" என்றாள்.

ஊற்றினேன். மாப்பிள்ளை பஜ்ஜியைத் தோய்த்துக் கடித்தார். முகம் மலர்ந்தது. "ஸ்வீட்டா இருக்குதே" என்று இன்னும் கேட்டு வாங்கி, மூன்று பஜ்ஜியை ஒரே மூச்சில் முடித்தார். நான்காவதைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். காது சிவந்தது. நெற்றி வேர்த்தது. விக்கல் ஆரம்பித்தது. அம்மா பதறி, கையில் இருந்ததை நீட்டினாள். அது கொதிக்கிற காப்பி. அவசரத்தில் அவரும் குடித்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் வாசலுக்கு ஓடி, குடத்தில் வாயை வைத்ததை எதிர்வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்கள்.

"இன்னா வீடு இது! இந்த வீட்டுத் தண்ணிகூட எங்களுக்கு வேணாம்!" என்று அவருடைய அம்மா கத்தினாள். மகன் அந்த வீட்டுத் தண்ணீரை இரண்டாவது குடமாகக் குடித்துக்கொண்டிருந்தார். விக்கல் நிற்காமலேயே காரில் ஏறிப் போனார்கள்.

நைனா என் பக்கம் திரும்பினார். "யார்டி உன்னை ஊத்தச் சொன்னது?"

அத்தையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள், அவளுக்குப் போய்த் திட்டு விழக்கூடாது என்று தோன்றியது. "நானேதான் ஊத்தினேன்" என்றேன். முதுகில் இரண்டு விழுந்தது.

சாயங்காலம் மாடிப்படியில் அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வந்த சம்பந்தம் போய்விட்ட துக்கம் என்று நினைத்து, அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழுவாத அத்தை. அடுத்த மாப்பிள்ளைக்குக் கொஞ்சமா ஊத்தறேன்."

அழுதுகொண்டிருந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கவேயில்லை.

"அவருக்கு எவ்ளோ ஊத்தினாலும் ஒண்ணும் ஆவாதுடி" என்றாள், காலியான சாஸ் பாட்டிலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே.

இன்னும் வந்தே பார்க்காத ஒரு மாப்பிள்ளைக்குக் காரம் தாங்கும் என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று அன்று ராத்திரி தூங்கும் வரை யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.