அட்டையில் இல்லாத பெயர்

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை டூட்டி விழுந்தால், அப்பா என்னைத் தன் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். அஜ்மானிலிருந்து ஷார்ஜாவுக்கு பஸ். அங்கே பழைய சிலைகளையும் படங்களையும் பாதுகாக்கும் காப்பகம் ஒன்று. நாலு கோடை கட்டட சைட்டில் வெயிலில் வெந்தபிறகு அப்பாவுக்குக் கிடைத்த ஏசி வேலை அது. "ஒண்ணையும் தொட்டுராத மக்ளே" என்று வழி நெடுக ஓதிக்கொண்டே வருவார்.

சிலையை நான் தொடவில்லை. மூன்றாவது தட்டில் அவள் இருந்தாள். சுண்ணத்தில் செய்த ஒரு சிறுமியின் தலை. என்னைப்போல ஒன்பது வயதிருக்கும். இன்னும் எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க வேண்டும் என்று கேட்கிற முகம். முன்னாலிருந்த அட்டையில் சிற்பியின் பெயர், ஊர், வாங்கிய பரிசு எல்லாம் இங்கிலீஷில் இருந்தன. அவளுக்கு மட்டும் 'ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தை'. அவ்வளவுதான்.

எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் ஒரு வருடம் முழுக்க டீச்சர் என்னை 'மதராஸி கேர்ள்' என்றே கூப்பிட்ட கோபமும் சேர்ந்துகொண்டது. அப்பாவின் மேசையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையில் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'இவளுக்குப் பேர் இருக்கு. கேட்டு எழுதுங்க.' அது தப்பென்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

அரைமணியில் மேனேஜர் பார்த்துவிட்டார். அப்பாவைக் கூப்பிட்டு, "யாரு எழுதினது, பாய்?" என்று இந்தியில் கத்தினார். அப்பாவின் பெயர் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான் சார்."

"என்ன எழுதியிருக்கே?"

அப்பா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னார்.

"கலாஸ், உள்ளே ஒனக்கு வேலை முடிஞ்சுது. நாளையிலேருந்து வெளியே லோடிங்குக்குப் போ" என்றார் மேனேஜர்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நான் எழுதியதை அவர் எப்படித் தன்னுடையது என்று சொல்லலாம்? கேட்டேவிட்டேன்.

"ஒனக்க எழுத்துதான் மக்ளே, ஆரு இல்லேன்னது?" என்று சிரித்தார்.

அந்தக் கோடை முழுக்க அப்பாவின் கழுத்தில் தோல் உரிந்துகொண்டே இருந்தது. நானோ அவர் என் பெருமையைப் பறித்துக்கொண்டதாகவே வெகுநாள் நினைத்திருந்தேன். அந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். 'கவனமாகத் தூக்கவும்' என்று எழுதியிருப்பதாக அப்பா சொல்லியிருந்தால், ஒருவருக்கும் தெரிந்திருக்காது.