பனிமூட்டமும் வெளியே வைத்த பெட்டியும்

டிக்கெட் போட்டுக் கொடுக்கிற தொழிலில் கைவலி, முதுகுவலி எல்லாம் பெரிதாக வராது, வயிற்றெரிச்சல்தான் வரும். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் எதிரே வந்து உட்கார்ந்து கோவா போறோம், காசி போறோம், துபாய் போறோம் என்பார்கள். நாம் சிரித்த முகமாக ஜன்னல் சீட்டு போடட்டுமா என்று கேட்க வேண்டும். பட்டுப் புடவையை அடுத்தவள் தோளில் போட்டு அழகு பார்க்கிற ஜவுளிக்கடைப் பெண்களே, ஊரார் கல்யாணத்துக்கு ஜிலேபி பிழிகிறவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு ஒரு சின்ன டிராவல்ஸ் கடை இருக்கிறது. எட்டாவதோடு நின்ற நான் அந்தக் கம்ப்யூட்டரில் ஊர்ப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தே தொழிலைக் கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கார் ஓட்டுகிறார். சென்னை ஏர்போர்ட் வாசலில் ஆட்களை இறக்கிவிட்டு, பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரன் அடிப்பதற்குள் திரும்பிவிடுவார். அவருக்குப் பிளேன் என்றால் அந்த வாசல் வரைதான், எனக்கு என் மேஜை வரைதான்.

இந்த மார்கழியில் முதல் முறையாக நாங்களும் பறப்பதாக இருந்தது. டில்லி, ஆக்ரா. சிதம்பரத்தில் இருக்கிற என் ஓரகத்தி சாந்தி, கொழுந்தனார், நாங்கள் இரண்டு பேர். நாலு டிக்கெட்டையும் நானே போட்டேன். எனக்கு ஜன்னல். போட்டு முடித்த கையோடு டில்லியில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. டில்லியில் கிளம்பாத பிளேன் சென்னைக்கு வராது, சென்னைக்கு வராத பிளேன் பம்பாய்க்குப் போகாது. டிவியில் ஏர்போர்ட்டுக்குள் ஜனங்கள் பெட்டி மேல் தலை வைத்துப் படுத்திருப்பதைக் காட்டினார்கள். கடை போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: போகலாமா, கேன்சல் பண்ணிடலாமா?

பெட்டி ஊருக்குப் போக வேண்டும்

செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். எங்களுக்குச் சென்னை வடக்கு. அந்த நாட்களில் கிளம்ப வேண்டியவர்கள், முந்தின நாளே ராகுகாலம், எமகண்டம் பார்த்துப் பெட்டியை மட்டும் வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய் வேறு இடத்தில் வைத்துவிடுவார்கள். பெட்டி கிளம்பினால் ஆள் கிளம்பின கணக்கு. சிதம்பரத்துக்காரர்கள் இதைப் பரஸ்தானம் என்று சொல்லுவார்கள். என் வாடிக்கையாளர்களுக்கு அந்த வேறு இடம் என் கடை. வெளியே வைத்த பெட்டி பிரயாணம் போகாமல் வீட்டுக்குத் திரும்பவே கூடாது. பனிமூட்டம் இறங்கிய வாரம் என் மேஜைக்குப் பின்னால் கால் நீட்ட இடமில்லை.

நெல்லிக்குப்பத்தில் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பம்பாயில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போக மனைவியோடு டிக்கெட் போட்டிருந்தார். பிளேன் ரத்தாகிவிட்டது, பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். தொடமாட்டேன் என்றுவிட்டார். டீ வாங்கிக் குடித்துவிட்டு வெகு நேரம் யோசித்தார். பிறகு மனைவியையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு பண்ருட்டி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற பஸ் நெல்லிக்குப்பம் வழியாகத்தான் போகும். தன் வீட்டுத் தெரு ஜன்னலில் தெரிய, இறங்காமல் மடியில் பெட்டியோடு உட்கார்ந்து பண்ருட்டியில் மகள் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். மகள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாளாம், மாப்பிள்ளை சினிமாவுக்குக் கூட்டிப்போனானாம். பிளேன் ரத்தானவருக்குக்கூட ஊர் சுற்றக் கிடைக்கிறதே என்று எனக்கு அதிலும் எரிந்தது. பெட்டியைத் திரும்ப வீட்டில் வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணிச் சொன்னார்: "பெட்டி எங்கயாவது போயிட்டு வந்தா சரிம்மா. சாமிக்கு பம்பாயும் பண்ருட்டியும் ஒண்ணுதான்."

அலுத்துப் போனவர்

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் பண்ணுகிற ஒருவர் வருஷா வருஷம் மார்கழியில் குடும்பத்தோடு வெளிநாடு போவார். இந்த வருஷம் துபாய். அவர்தான் முதலில் போன் பண்ணி எல்லாவற்றையும் கேன்சல் பண்ணச் சொன்னார். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே, துபாய்க்கும் பனிக்கும் சம்பந்தமில்லையே என்று நான்தான் மன்றாடினேன். அவர் போகாவிட்டால் எனக்கு என்ன? ஆனாலும் ஒருத்தர் துபாயைக் கத்தரிக்காய் மாதிரி வேண்டாம் என்று ஒதுக்கி வைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. பொரியலில் கிடந்தால் நாமே பொறுக்கித் தின்றுவிடலாம், துபாயை என்ன செய்ய முடியும்?

அவர் கொட்டாவி விடுகிற சத்தம் போனில் கேட்டது. "போன வருஷம் எடுத்த போட்டோவையே இன்னும் பாத்து முடிக்கலம்மா. இந்த வருஷம் போவாட்டி என்ன?"

கீழவீதி மருமகள்

சிதம்பரம் கீழவீதியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பம். கார்த்திகையில்தான் மகனுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. புது ஜோடிக்கு டில்லி வழியாகக் காஷ்மீர் டிக்கெட் நான்தான் போட்டேன். மாமியார் மருமகளையும் கூட்டிக்கொண்டு கடலூர் வரை வந்துவிட்டார். பனியில் சின்னஞ்சிறுசுகள் நடுவழியில் மாட்டிக்கொள்ளும், கேன்சல் பண்ணிவிடு என்றார். பேசப் பேசக் காரணம் வெளியே வந்தது. ஆருத்ரா தரிசனத்துக்கு வீடு கொள்ளாமல் சொந்தக்காரர்கள் வருவார்கள், களி கிண்ட, பந்தி பரிமாற ஆள் வேண்டும்.

அந்தப் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில் என்னை இவர் கூட்டிப்போன இடம் சில்வர் பீச். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அன்றைக்குக் காற்றில் மண் வேறு. அதை நினைத்துக்கொண்டு அவளுடைய புது வளையலைப் பார்த்தபடி, நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே என்று மாமியாரிடம் சொன்னேன். மாமியார் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் அவள் மேஜை மேல் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, பிளைட்டு போவாட்டியும் பரவால்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி எங்கள சென்னையில கொண்டுபோய் விட்டுட சொல்லுங்க, அது போதும்."

நீங்க மட்டும்

சாந்தி பல முறை பிளேனில் போனவள். போகிற இடத்தில் எல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பாள், அது எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் வந்துவிடும். அவளைப் பார்த்துத்தான் எனக்கு டில்லி ஆசையே வந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

சனிக்கிழமை அவள் கடைக்கு வந்தாள். டிவியில் பார்த்தாளாம், அந்தக் கூட்டத்தில் போய்க் கிடக்க அவளால் முடியாதாம். அவர்கள் பிறகு எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்வார்களாம். கொழுந்தனார் தன் அண்ணனிடம் பேசி இரண்டு பேரும் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டார்களாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. முதலில் அவர்கள் இரண்டு டிக்கெட்டையும் கேன்சல் பண்ணினேன். கம்ப்யூட்டரில் எங்கள் பெயர் மட்டும் மீதி நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அவளுக்கு நிஜமாகவே இரக்கம் வந்துவிட்டது. என் கையைத் தொட்டுச் சொன்னாள்: "அதயும் சேத்து எடுத்துடுங்க அக்கா. ஹிந்தி தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, நீங்க மட்டும் அங்க போயி என்ன பண்ணுவீங்க?"

திங்கட்கிழமை காலை

வீட்டில் இவரிடம் ஞாயிறு பூராவும் சண்டை போட்டேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏர்போர்ட் வாசலில் அழுதுகொண்டு நிற்கிறவர்களை அவர்தான் தினமும் பார்த்து வருகிறார். பனி விலகட்டும், தை பிறந்து போகலாம் என்றார். தை பிறந்தால் மாசி என்பார், மாசியில் பரீட்சை, கரும்பு வெட்டு, காது குத்து என்று வேறு யாருக்காவது கார் ஓட்டப் போய்விடுவார். எனக்குத் தெரியாதா? இந்த முறை போகாவிட்டால் நான் எப்போதும் போகப்போவதில்லை.

எங்கள் பிளேன் செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை ராகுகாலம் ஒன்பது மணிக்கு முடியும். இவர் குளிக்கப் போன நேரம், இரண்டு பேர் துணியையும் அள்ளிப் பெட்டியில் திணித்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, ஒன்பது அடித்ததும் கடையைத் திறந்து, மேஜைக்குப் பின்னால் வைத்து, குங்குமமும் வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் கட்டாமல் வண்டிச் சாவியைத் திருப்பாதவர். பூனை குறுக்கே போனதற்காக ஏர்போர்ட் சவாரியையே நிறுத்தி, பத்து நிமிஷம் காத்திருந்து கிளம்புகிறவர்.

தோளில் துண்டோடு கடைக்கு வந்தார். பெட்டியைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். இரண்டு தடவை கை நீட்டி இரண்டு தடவையும் இழுத்துக்கொண்டார். பண்ருட்டிக்குப் போய் வந்துவிடலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். நல்ல வேளை, அந்த நெல்லிக்குப்பத்துக் கதையை அவரிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "வெச்சிட்டியா? என்னைக் கேக்காமயே வெச்சிட்டியா? இனிமே பிளேனே இல்லாட்டியும் நடந்தாவது டில்லிக்குப் போய்த்தான் ஆவணும்."

யாரும் எழுப்பாத இடம்

பழகின டிரைவர் ஒருவரிடம் கார் சாவியைக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரர் ஏர்போர்ட் வாசலைத் தாண்டினார். தாண்டும்போது, யாரோ பின்னால் ஹாரன் அடித்த மாதிரி திரும்பிப் பார்த்தார். உள்ளே போனால் எங்கள் பிளேன் ரத்து. வேறொன்றில் ஏற்றுவதாகச் சொல்லி உட்காரச் சொன்னார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. கவுண்டரில் பெரிய பெரிய ஆட்கள் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தும் பொறாமைதான். எனக்கும் கத்த ஆசை, எந்த பாஷையில் கத்துவது?

எங்களுக்குப் பக்கத்தில் குமராட்சியிலிருந்து காசிக்குப் போகிற கும்பல் ஒன்று தரையில் போர்வை விரித்துப் புளிச்சோற்றைப் பிரித்தது. நடவு, களை என்று வயலில் வேலை பார்க்கிற பெண்கள். எங்களிடம் போடாமல் சிதம்பரத்தில் யாரிடமோ டிக்கெட் போட்டிருக்கிறார்கள், அதில் வேறு எனக்கு வருத்தம். அந்தப் பெண்களில் ஒருத்தி எனக்கும் ஒரு உருண்டை உருட்டிக் கொடுத்தாள். பிளேன் லேட்டாவது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். அவள் காலை நன்றாக நீட்டிக்கொண்டாள். "இதுல என்னா கஷ்டம்? சில்லுனு இருக்கு, கக்கூச தொடச்சிகிட்டே இருக்காங்க, வேலைக்கி வான்னு யாரும் எழுப்பல. இன்னும் ரெண்டு நாளு லேட்டானாலும் எனக்கு சம்மதம்தான்."

மூடின ஜன்னல்

மதியத்துக்கு மேல் வேறு பிளேனில் இடம் கிடைத்தது. கிடைத்த சீட்டில்தான் உட்கார வேண்டும். என் வீட்டுக்காரர் எங்கேயோ கடைசி வரிசையில். எனக்கு நடு சீட்டு. என் ஜன்னல், ரத்தான பிளேனோடு போய்விட்டது. இந்தப் பிளேனில் ஜன்னல் பக்கம் ஒரு பையன், கம்பெனிப் பையும் காதில் ஒயருமாக. பிளேன் மேலே எழும்பினதும் அவன் ஜன்னல் மூடியைச் சடக்கென்று இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். வெளியே வெயில் அடிக்கிறது, மேகம் இருக்கிறது, ஊர் கீழே சின்னதாகத் தெரியும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அவனுடைய காது. எத்தனை பேருக்கு ஜன்னல் போட்டுக் கொடுத்த கை இது! போகிற வழி முழுக்க அவனைத் திட்டினேன், மனசுக்குள்தான். இத்தனை பிளேன் ஏறி அலுத்திருக்கிறான் பார், பண்ருட்டி முந்திரிக்காரருக்குத் தம்பியாக இருப்பான் என்று நினைத்தேன்.

டில்லியில் பிளேன் இறங்கி நின்று எல்லோரும் பெட்டி எடுக்க எழுந்தபோது, நான் அவனைத் தாண்டி எட்டிக் கையை நீட்டி மூடியைத் தூக்கினேன். வெளியே ஒரே வெள்ளை, பக்கத்தில் நின்ற வண்டிகூடத் தெரியவில்லை. அவன் ஒயரைக் கழற்றிவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தான். "உங்களுக்கு ஜன்னல் வேணுமாம்மா? கேட்டிருந்தா அப்பவே மாறி உக்காந்திருப்பேனே. எனக்கு ஒசரம்னா பயம்."

தாஜ்மகாலும் அப்படியே பனிக்குள்தான் இருந்தது என்பதைச் சாந்தி காதில் மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள், என் வாழ்க்கையில் முதல் முறையாக அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள், கொஞ்ச நாள் நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன்.